நான் தின்ற முதற் பக்கம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு புரட்டாதி மாதத்தில், மட்டக்களப்பு வாவியின் நடுவில் பாதையில் வைத்து நடந்தது இது. பாதை என்றால் தெரு இல்லை. இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் சைக்கிள்களையும் கரைக்குக் கரை ஏற்றி இறக்குவதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் பெயர். எழுவான்கரையில் ஆமி இருந்தது. வாவிக்கு அங்கால் படுவான்கரையில் இயக்கம் இருந்தது. இரண்டுக்கும் இடையில் போக வர அந்தப் பாதைதான்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் சமூகவியல் விரிவுரையாளர். கிராமத்தில் யாருக்கு யார் சொந்தம், கோயிலில் எந்தக் குடிக்கு என்ன உரிமை, கலியாணம் முடித்த பெண்பிள்ளைக்கு ஏன் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பக்கத்தில் கொட்டில் போடுகிறார்கள், இதையெல்லாம் கேட்டு எழுதுவதுதான் வேலை. ஏழு வருசமாக அந்த வேலையில் என்னை அடிக்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் துறைக்கே இன்னொரு விரிவுரையாளராக அவள் வந்து சேர்ந்தாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை. சின்னப் பொறாமை இல்லை, சோறு இறங்காத பொறாமை. என்னைவிட ஆறு வயது இளையவள். வாழைச்சேனைப் பக்கம் மீன் யாவாரம் செய்த வீட்டுப் பிள்ளை. நான் பட்டணத்தில் மூன்று தலைமுறையாகப் படித்த குடும்பம். இதை எழுதவே இன்று வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு என் மண்டைக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் படிக்க ஒரேயொரு புலமைப்பரிசில் வந்திருந்தது. எங்கள் இருவரில் ஒருவரைத்தான் துறைத் தலைவர் சிபாரிசு செய்வார்.

இரண்டு பேரும் படுவான்கரையில் ஒரே கிராமத்தில்தான் ஆய்வு செய்தோம். நான் போனால் சனம் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவரும். அதைச் சீலைத் தலைப்பால் துடைத்து, மேலே துவாய் விரித்து, "மிஸ், இருங்க" என்பார்கள். எங்கிருந்தோ ஒரு சோடாப் போத்தலும் வரும். என்னுடைய வினாக்கொத்து பன்னிரண்டு பக்கம், ரோனியோ மெசினில் அடித்தது. முதற் பக்கத்தில் வீட்டில் உள்ளவர்களின் பெயர், வயது, தொழில். அதற்குக் கீழே, வீட்டில் இல்லாதவர்கள் யார், எங்கே என்று ஒரு நிரல். நான் மைப்பேனையைத் திறந்து, நீல மையில் அழகாக எழுதுவேன். அந்தக் கடைசி நிரலுக்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். மூத்தவன் சவூதியில், இளையவன் டுபாயில். அந்தக் கிராமத்து இளந்தாரிகள் அவ்வளவு பேரும் அரபு நாட்டில் என்றால் அங்கே மணல் அள்ளக்கூட இடம் இருக்காது. பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் உண்மையை எடுக்க முடியவில்லை.

அவளுக்கு ஒருவரும் கதிரை போடுவதில்லை. அவள் நேரே அடுப்படிக்குள் போய்விடுவாள். வெங்காயம் உரிப்பாள், தேங்காய் துருவுவாள், "இண்டைக்கு என்ன கறி மாமி?" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய வினாக்கொத்து. நான் வெளியே கதிரையில் சோடாவோடு இருப்பேன். உள்ளேயிருந்து அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சோடா கசக்கத் தொடங்கியது.

ஒருநாள் அவள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து, மேசையில் கிடந்த அவளுடைய கொப்பியைத் திறந்தேன். ஓம், திறந்தேன். பெயர் இல்லை, வயது இல்லை, ஒரு அட்டவணைகூட இல்லை. கிணற்றடி வீடு, நாலு சுண்டு அரிசி, விரால் மீன் புளியாணம். வேப்பமரத்து வீடு, மூன்று சுண்டு, முருங்கை இலைச் சுண்டல், மூடி வைத்தது ஒன்று. பக்கம் பக்கமாக இப்படியே. எனக்குச் சிரிப்பு வந்தது. இவளிடம் தரவே இல்லை, வெறும் சமையல் குறிப்பு என்று மனம் துள்ளிக் குதித்தது.

ஆனால் அடுத்த வாரம் துறைக் கருத்தரங்கில் அவள் எழுந்து பேசினாள். ஒரு வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை பேருக்கு உலை வைக்கிறார்கள், இரண்டும் அந்தக் கிராமத்தில் பொருந்துவதில்லை என்றாள். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் தாய்மார் ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு சோற்றைக் கோப்பையில் போட்டு மூடி வைக்கிறார்கள். வராத பிள்ளைக்கான பங்கு அது. பொழுதுபட்ட பிறகு அதை எடுத்து மற்றப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த நாளும் வைக்கிறார்கள். அவள் சொல்லி முடித்ததும் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் ஏழு வருசத்தில் ஒருதரமும் அவர் எனக்காகக் கண்ணாடியைக் கழற்றியதில்லை.

அன்று பின்னேரமே துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இவள் வினாக்கொத்துப் பாவிப்பதில்லை, இவளிடம் ஆதாரம் எதுவும் கிடையாது, சமையல் குறிப்பை வைத்துக் கதை அளக்கிறாள், பெயர் விபரங்களோடு வீட்டுப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள் என்று. அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்படி ஒரு பட்டியல் எழுதவில்லை, இனியும் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள் வேறு. கடிதம் எழுதியது நான் என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ, அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கூட்டியது.

அவள் செய்யாததை நான் செய்து காட்ட வேண்டும் என்ற வெறி வந்தது. அடுத்த கிழமை இரண்டு பேரும் ஒரே பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போனோம். இறங்கியதும் அவள் ஒரு பக்கம் போக, நான் நேரே அவள் "மாமி, மாமி" என்று உருகுகிற அந்த வேப்பமரத்து வீட்டுக்குப் போனேன். அந்தத் தாய் வழக்கம்போல கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் இருக்கவில்லை. "அவள் எனக்குத் தங்கச்சி மாதிரி அக்கா. அவள்தான் உங்களிட்ட என்னை அனுப்பினவள்" என்றேன். பச்சைப் பொய்.

அந்த ஒரு சொல்லுக்குக் கதவு திறந்துவிட்டது. கதிரையை அப்படியே சுவரோரம் வைத்துவிட்டு, "உள்ளுக்கு வாங்க புள்ள" என்றாள். புள்ள! ஏழு வருசமாக ஒருவரும் என்னை அந்தக் கிராமத்தில் அப்படிக் கூப்பிடவில்லை. அடுப்படியில் பாயைப் போட்டு இருத்தினாள். நான் வெங்காயம் உரித்தேன். கண் எரிந்தது, மனம் குளிர்ந்தது.

வெங்காயம் உரித்து முடிந்த மறுகா அவளே சொல்லத் தொடங்கினாள். மூத்தவன் சவூதியில் என்று எனக்குச் சொன்னது பொய்யாம். பத்தொன்பது வயதில் இயக்கத்துக்குப் போனவன், அங்கே இருக்க ஏலாமல் மூன்று மாதத்துக்கு முன் ஓடி வந்துவிட்டான். இயக்கம் தேடுகிறது. ஆமியிடம் அகப்பட்டாலும் அதே கதிதான். ஊருக்கு மேற்கே தன் தமையனுடைய வயல் வட்டையில், காவலுக்குப் போட்ட வாடிக் குடிசைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். பகலில் விறகு பொறுக்கப் போகிறவள் மாதிரிப் போய்ச் சோற்றுப் பொதியைக் கொடுத்துவிட்டு வருவாளாம். சொல்லும்போது அவள் அழவில்லை. நான் கேட்காததையும் சொன்னாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று கிடந்திருக்கிறாள் போல.

அவள் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போன நேரம் நான் வினாக்கொத்தை எடுத்து எழுதினேன். பெயர், வயது, இயக்கத்துக்குப் போன மாதம், ஓடி வந்த மாதம், எந்த வட்டை, யாருடைய வாடி. முதற் பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். இதைக் கொண்டுபோய் மேசையில் போட்டால் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

வெளிக்கிடும்போது அந்தத் தாய் தாமரை இலையில் கட்டிய சோற்றுப் பொதி ஒன்றை என் கையில் வைத்தாள். வழியில் பசிக்கும், சாப்பிடுங்க புள்ள என்றாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பின்னேரம் மூன்று மணிப் பாதையில், என்னோடு அக்கரைக்கு வந்தவளும் வந்து ஏறினாள். இருபது முப்பது சனம், விறகுச் சைக்கிள்கள், ஒரு ஆடு. பாதைக்காரர்கள் கம்பியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்கள். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "இண்டைக்கு என்னையும் ஒரு வீட்டில அடுப்படிக்குள்ள விட்டாங்க தெரியுமா?" என்று வினாக்கொத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் முதற் பக்கத்தை வாசித்தாள். முகம் வெளிறிப்போனது. நான் எதற்காக ஏங்கிக் கிடந்தேனோ அது நடந்துவிட்டது, அவளுக்குப் பொறாமை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஐயோ, அந்த ஒரு நிமிசம் எவ்வளவு இனிமையாக இருந்தது!

"அக்கா, இதோட அங்கால இறங்கேலாது" என்றாள் மெதுவாக.

"ஏன், நீ எழுதாததை நான் எழுதிப்போட்டன் எண்டா?" என்று கேட்டேன்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். எழுவான்கரைத் துறையடியில் வழக்கமாக இரண்டு பேர் நிற்கிற இடத்தில் அன்று பத்துப் பதினைந்து ஆமிக்காரர் நின்றார்கள். முந்திப் போன தோணியில் இறங்கியவர்களுடைய பைகளை மண்ணில் கொட்டி, ஒவ்வொரு கடதாசியாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தூரக் கண்ணாடியால் எங்கள் பாதையையே பார்த்தபடி நின்றான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எழுதியது தரவு இல்லை. ஒரு பிள்ளை ஒளித்திருக்கிற இடத்துக்கு வழி. அவனோடு அந்தத் தாய், வாடிக்காரத் தாய்மாமன், எல்லாரும் அந்த ஒரு தாளில் இருந்தார்கள். நான் என் அழகான எழுத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதி வைத்திருந்தேன். அப்படியே பலகையில் இருந்துவிட்டேன்.

தண்ணீரில் எறிந்தால் மிதக்கும், தூரக் கண்ணாடிக்காரன் பார்ப்பான். கிழித்து ஒளித்தால் பெண் பொலிஸ் உடம்பைத் தடவி எடுத்துவிடும். அவள் யோசிக்கவே இல்லை. "சோத்துப் பொதியை எடுங்க" என்றாள். முதல் தாளை மட்டும் இழுத்துக் கிழித்தாள், துண்டு துண்டாக்கிச் சோற்றுக்குள் போட்டுக் குழம்போடு பிசைந்தாள். பாதி எனக்கு, பாதி அவளுக்கு. தின்னத் தொடங்கினோம்.

பக்கத்தில் குந்தியிருந்த ஒரு மனுசி எங்களைப் பார்த்தாள். தன் குடையை விரித்துத் துறையடிப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். விறகுச் சைக்கிள்காரர் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால் நிறுத்தினார். "அவதிப்படாம தின்னுங்க புள்ள, தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத் தின்னுங்க" என்றாள் குடைக்காரி. ரோனியோத் தாள் இருக்கிறதே, அது மெல்ல மெல்லத் தொண்டையைப் பிடிக்கிற சாமான். எனக்குக் கண்ணீர் வழிந்தது. என்னோடு தின்றவள் தன் பங்கை முடித்துவிட்டு, என் பங்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.

கடைசிக் கவளம் என் கையில் இருந்தபோது அவள் பொதியின் இலையைப் பார்த்தாள். "இது வேப்பமரத்து வீட்டுச் சோறுதானே அக்கா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அந்த வீட்டில மூடி வைக்கிற ஒரு பங்குதான் மேலதிகம். இது அவன்ட பங்கு" என்றாள்.

அந்தக் கவளத்தை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவனுக்குப் போக வேண்டிய சோற்றில், அவனுடைய பெயரையே பிசைந்து நான் தின்றுகொண்டிருந்தேன்.

கரை நெருங்கியபோது குடைக்காரி என் வாயைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். என் நாக்கும் பல்லும் நீலம். என் அருமை மைப்பேனையின் வேலை. அந்த மனுசி மடியை அவிழ்த்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து எங்கள் இரண்டு பேருடைய வாயிலும் திணித்தாள். பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் இரண்டு பேர் வாயெல்லாம் சிவக்கச் சிவக்க வெற்றிலை மென்றுகொண்டு துறையடியில் இறங்கினோம்.

என் பையைக் கொட்டினார்கள். வினாக்கொத்துகள் எல்லாம் வெளியே வந்தன. தமிழ் தெரிந்த ஒருவன் தாள் தாளாகப் புரட்டினான். ஒன்றில் முதற் பக்கம் எங்கே என்று கேட்டான். "மிஸ் பிழையா எழுதிப்போட்டா, கிழிச்சிட்டா" என்றாள் அவள், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். பிறகு அவளுடைய கொப்பியை எடுத்து வாசித்தான். இரண்டு பக்கம் வாசித்துவிட்டு மற்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் வினாக்கொத்து அத்தனையையும் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று நாள் எனக்கு நித்திரை இல்லை. நாலாம் நாள் முகாமுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய அதிகாரி ஒருவர் என் வினாக்கொத்துக் கட்டை மேசையில் வைத்துத் தட்டி, இந்த ஊரில் எல்லாரும் அரபு நாட்டிலா, உங்களுக்கு நன்றாகக் காது குத்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று கேலி செய்து திருப்பித் தந்தார். எனக்குப் பொய் சொல்கிறார்கள் என்று நான் ஏழு வருசமாகக் கோபப்பட்ட சனம், அந்தப் பொய்யால் தங்களையும் காப்பாற்றி என்னையும் காப்பாற்றியிருந்தது. வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன்.

அடுத்த நாள் துறைத் தலைவரிடம் போய், நடந்ததைச் சொல்லி, என் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். புலமைப்பரிசில் அவளுக்குப் போனது. அதோடு என் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அது பொய். அவள் கொழும்பு பஸ்ஸில் ஏறியபோது கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் என்னைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள், அதுகூட எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

எட்டு மாதம் கழித்து அந்த வேப்பமரத்து வீட்டுக்குப் போனேன். தாய் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் எப்படியோ கொழும்புக்குப் போய், அங்கிருந்து கட்டாருக்குப் போய்விட்டானாம். இந்தமுறை உண்மையாகவே. கடிதத்தைக் காட்டினாள். "வாங்க புள்ள" என்று அடுப்படிக்குள் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். கோப்பையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அவள் என்னை அனுப்பவில்லை அக்கா, நான் பொய் சொல்லித்தான் உள்ளே வந்தேன், உங்கள் மகனை முழுசாக எழுதிக்கொண்டு பாதையில் ஏறினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தத் தாய் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். "சாப்பிடுங்க, ஆறப்போகுது" என்று மட்டும் சொன்னாள். சாப்பிட்டு முடியும் வரைக்கும் பக்கத்தில் இருந்தாள்.

அதற்குப் பிறகு ஒருதரம் அந்தப் பக்கம் போனேன். என்னைக் கண்டதும் அவள் உள்ளே போனாள். கதிரையைக் கொண்டுவந்து, சீலைத் தலைப்பால் துடைத்து, துவாய் விரித்து, "மிஸ், இருங்க" என்றாள். சோடாவும் வந்தது. அடுப்படியில் வெங்காயம் தாளிக்கிற வாசம் வந்துகொண்டிருந்தது, நான் வெளியே இருந்து அந்தச் சோடாவைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

இன்று நான் ஓய்வுபெற்றுவிட்டேன். எத்தனையோ மேடைகளில் எனக்குப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் கதிரை போட்டிருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருமுறையும் அதில் இருக்கும்போது, ஒரேயொரு நாள் நான் திருடிப் பெற்ற அந்த அடுப்படிப் பாய்தான் ஞாபகம் வருகிறது, அதைத் திருடாமலே பெற்றவள் மேல் இன்னமும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.